நிவாரணப் படமும் நமது அமானத்தும்

 

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு ஜமாஅத்தின் வாலிபர் சிலர் நம்மிடம் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊரில் ஏழைகளுக்கு அரிசி, துணி, மருந்துச் செலவு முதலியவற்றைக் கொடுத்து வருகிறார்கள். இதற்குப் பணம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் துபாயிலும் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் இருக்கிற ஊர்க்காரர்கள். "கொடுத்ததற்குப் படம் எங்கே?" என்று அவர்கள் கேட்கிறார்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால், "பில்லைப் படிக்கவே முடியவில்லை, கலங்கிப் போயிருக்கிறது" என்று ஒரு குறை வருகிறது. "வாங்குகிறவர்களின் முகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறதே, இது முறையா?" என்று இன்னொரு குறை வருகிறது. படத்தை எப்படிச் சுருக்குவது, எதைப் போடுவது, எதைப் போடாமலிருப்பது என்பதே அவர்களது கேள்வி.

முதல் குறை கைபேசியைப் பற்றியது, இரண்டாவது குறை மார்க்கத்தைப் பற்றியது என்று மேலோட்டமாகத் தோன்றும். இரண்டும் ஒன்றேயாகும். பில் தெரிய வேண்டும், அது கலங்கிப் போகிறது. முகம் தெரிய வேண்டியதில்லை, அது தெளிவாக இருக்கிறது. எதைப் பெரிதாக வைக்க வேண்டுமோ அதைச் சிறிதாக்கி, எதை வெட்ட வேண்டுமோ அதை விட்டுவைக்கிறோம். இதைத்தான் இங்கே விளக்கப் போகிறோம்.

உருவப்படம் எடுப்பது கூடுமா என்ற பழைய விவாதத்தை இங்கே கிளறவில்லை. எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள் புகைப்படம் கையால் வரையும் உருவத்தைப் போன்றதல்ல என்று ஒரு தனி ரிஸாலாவே எழுதினார்கள். தேவ்பந்த் ஆலிம்களில் பலர் அதை ஏற்கவில்லை. அவரவர் தமக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுக்கொள்க. ஆகும் என்பவர்களுக்கும் நாம் சொல்லப் போகும் கடமை உண்டு.

நம்முடைய ஒரு தவறு

2023-ஆம் வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பிரயாணிகள் தவித்தார்கள். திருநெல்வேலியில் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்திலும் ஜங்ஷனிலும் வெள்ளம் புகுந்தது. ஏரல் பக்கம் போகப் பாதையே இல்லை.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் நாலா திசையிலிருந்தும் உதவி வந்தது. ஆற்றின் கடைக்கோடியிலுள்ள ஓர் ஊரில், மதரஸா தாழ்வாரத்தில் வைத்து அரிசி, பால் பவுடர், பாய், போர்வை முதலியவற்றைக் கொடுத்தோம். மாடிப்படியில் ஏறி நின்று, வரிசை முழுவதும் தெரியும்படி படம் எடுத்தவன் இதை எழுதுகிறவனே. நல்ல வெளிச்சம். படத்தைச் சுருக்காமல், வெட்டாமல், அப்படியே ஊர்க்குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஏராளமான "மாஷா அல்லாஹ்" வந்தன. மனதுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் யாருக்காக என்று அன்றைக்கு நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி பேசினார். "காக்கா, தப்பா நெனைக்காதீங்க. வரிசையில நாலாவதா நிக்கிறது எங்க உம்மா. நான் பணம் அனுப்பியிருந்தேன், பாங்கு திறக்காததால எடுக்க முடியல. அதுக்காக நின்னிருக்காங்க. என்கூட ரூம்ல இருக்கிறவங்க எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துட்டாங்க." அவர் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உடனே படத்தை நீக்கினேன். அதற்குள் அது வேறு மூன்று குழுக்களுக்குப் போயிருந்தது. அடுத்த ரமளானில் அந்த வீட்டுக்கு அரிசி கொண்டுபோனபோது, "இல்லாதவங்களுக்குக் கொடுங்க வாப்பா" என்று அந்த அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் அவர்களுக்கு இருந்திருக்கவில்லை என்பது பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது.

பார்வைக்கும் அனுமதி உண்டு

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது திருக்குர்ஆனின் கட்டளை (24:27). இந்த அனுமதி எதற்காக? கால் உள்ளே வைப்பதற்காக மட்டும் என்று நினைக்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவிலிருந்த துவாரத்தின் வழியாக ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் காலை உள்ளே வைக்கவில்லை. ஆனாலும் நபியவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்து, அனுமதி கேட்கும் சட்டம் ஏற்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்ற கருத்தை உரைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்த ஹதீது பதிவாகியுள்ளது.

கைபேசியிலுள்ள காமிராவும் ஒரு கண்தான். ஒருவருடைய கஷ்டம் அவருக்கு ஒரு வீடு. அதற்குள் நாலு பேர் அரிசியோடு நுழைவதற்கு அவர் அனுமதித்திருக்கிறார். அந்த நாலு பேருக்குப் பின்னால் நானூறு பேர் எட்டிப் பார்ப்பதற்கு அவர் அனுமதிக்கவில்லை.

"கேட்டுவிட்டுத்தானே எடுத்தோம், சரி என்றார்களே" என்று சிலர் கூறுவார்கள். எப்பொழுது கேட்டீர்கள்? பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் காமிராவை வைத்துக்கொண்டு கேட்டால், பசித்தவர் வேறென்ன சொல்வார்? மறுத்துவிட்டாலும் பை கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர் கொடுக்கும் சம்மதம்தான் சம்மதம்.

ஜகாத்தைக் கொடுக்கும்போது வாங்குகிறவரிடம் "இது ஜகாத்" என்று சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமல் கொடுத்தாலும் நிறைவேறிவிடும் என்று பெரும்பாலான இமாம்கள் கூறியிருக்கிறார்கள். அவ்வளவு பேணுதல் உள்ள ஒரு பர்ளை, "ஜகாத் விநியோகம்" என்று துணிப் பதாகை கட்டி, அதன் கீழே வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுத்து உலகமெங்கும் அனுப்புவதை என்னவென்பது? கையேந்தத் தயங்குகிற காரணத்தால் அறியாதவர்கள் செல்வந்தர் என எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றித் திருக்குர்ஆன் (2:273) சிறப்பித்துப் பேசுகிறது. நமது ஊர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை! அவர்களை வரிசைக்கு வரவிடாமல் தடுப்பது நமது படங்கள்தாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் மறைக்க வேண்டுமா?

இல்லை. தருமத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது மேலானது என்ற பொருளில் 2:271-ஆம் வசனம் அமைந்திருக்கிறது. கடமையான ஜகாத்தை வெளிப்படையாகக் கொடுப்பது, மற்றவர்களையும் தூண்டும் என்பதால் சிறந்தது என்று பல ஆலிம்கள் கூறுகிறார்கள். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுவதோ கட்டாயம். ஸுலைம் கூட்டத்தாரின் ஜகாத்தை வசூலிக்கச் சென்ற இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். ஸஹாபி ஒருவரிடமே கணக்குக் கேட்கப்பட்டிருக்க, நாம் எம்மாத்திரம்? ஆகவே துபாயிலிருந்து கேட்கும் சகோதரர் கேட்பது நியாயமே.

இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது? ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். முளர் கோத்திரத்தைச் சேர்ந்த ஏழைகள் சிலர், கிழிந்த கம்பளித் துணியோடு மதீனாவுக்கு வந்தார்கள். அவர்களின் வறுமையைக் கண்டதும் நபியவர்களின் திருமுகம் மாறியது. தொழுகை முடிந்து, தருமம் செய்யும்படி மக்களைத் தூண்டினார்கள். அன்ஸாரி ஒருவர் கை தாங்க முடியாத கனமுள்ள ஒரு பையை எல்லோரும் பார்க்கக் கொண்டுவந்தார். அதைக் கண்டு மற்றவர்களும் தொடர்ந்தார்கள். உணவுப் பொருளும் துணியுமாக இரண்டு குவியல்கள் எழுந்தன. நபியவர்களின் முகம் ஒளிர்ந்தது.

இங்கே மற்றவர்களைத் தூண்டியது எது? கொடுத்தவரின் பை. சபையில் காட்சியாக எழுந்தது எது? இரண்டு குவியல். வந்த ஏழைகளை நிறுத்திவைத்து, "பாருங்கள், இவருக்குக் கொடுத்தோம்" என்று யாரும் காட்டவில்லை.

நமக்கு வேண்டிய விதி இதிலேயே இருக்கிறது. குவியலைக் காட்டுங்கள். பில்லைக் காட்டுங்கள். லாரியிலிருந்து மூட்டை இறங்குவதைக் காட்டுங்கள். வாங்குகிறவரைக் காட்டாதீர்கள்.

இதில் ஒரு உண்மையையும் கவனிக்க வேண்டும். ஒரு ஏழையின் கையில் பை இருக்கும் படம் கணக்குக்குச் சாட்சியே அல்ல. அந்தப் பையில் எத்தனை கிலோ அரிசி இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கியது, வசூலில் மிச்சம் எவ்வளவு என்று அந்தப் படம் சொல்லுமா? நூறு முகங்களைப் போட்டுவிட்டுக் கணக்கு எழுதாதவரும் இருக்கிறார், ஒரு முகமும் போடாமல் கடைசி ரூபாய் வரை எழுதி வைத்தவரும் இருக்கிறார். கடைக்காரரின் பில்லும், இருப்புப் பதிவேடும், முத்தவல்லியின் கையெழுத்துமே சாட்சிகள்.

படம் சுருங்குவது எப்படி?

இனி வேலைக்கு வருவோம். கைபேசிப் படம் என்பது பிக்ஸல் எனப்படும் நுண்ணிய நிறப்புள்ளிகளின் அடுக்கு. பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். கோரையை மயிரிழை போலக் கிழித்து நெய்த பட்டுப்பாயில் மணமக்களின் பெயரையே நெய்துவிடுகிறார்கள். அதே பெயரைச் சாதாரணக் கோரைப்பாயில் நெய்ய முடியாது. பாயின் அளவு ஒன்றுதான், ஆனால் ஒரு சாணுக்குள் அடங்கும் கோரை குறைவு. படத்தைச் சுருக்குவது, பட்டுப்பாயைச் சாதாரணப் பாயாக மறுபடி நெய்வதைப் போன்றது. உருவம் இருக்கும், எழுத்துப் போய்விடும்.

12 மெகாபிக்ஸல் கைபேசியில் எடுத்த படம் நீளத்தில் 4000 புள்ளி, அகலத்தில் 3000 புள்ளி. மொத்தம் 1 கோடியே 20 லட்சம். அதை 1200-க்கு 900 என்று சுருக்கினால் 10 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள், அதாவது பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. பல மெகாபைட் இருந்த படம் சில நூறு கிலோபைட்டாகிவிடும். குவியலையும் லாரியையும் காட்ட இது தாராளம். இதற்கு மேல் பெரிதாக அனுப்புவது, மற்றவருடைய கைபேசி இடத்தையும் டேட்டாவையும் வீணாக அடைப்பதாகும். வீண்விரயம் தண்ணீரிலும் சோற்றிலும் மட்டும் இருப்பதல்லவே!

பில்லின் கதை வேறு. ஓர் 'ஏ4' தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அதன் படத்தை 1200 புள்ளி நீளத்துக்குச் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு 4 புள்ளிதான் கிடைக்கும். பில்லில் உள்ள எண்ணின் உயரம் 2 மில்லிமீட்டர் என்றால், அந்த எண்ணுக்கு 8 புள்ளி. 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிவது அங்கே சந்தேகம். தாளைச் சுற்றி மேஜையும் விரிப்பும் சேர்ந்து, தாள் படத்தில் பாதிதான் இருக்குமானால், எண்ணுக்கு 4 புள்ளி மிஞ்சும். அதை யாராலும் படிக்க முடியாது. "பில் கலங்கிப் போகிறது" என்ற புகாரின் காரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. 1992-ல் வகுக்கப்பட்ட 'ஜேபெக்' முறையில்தான் நமது படங்களில் பெரும்பாலானவை சேமிக்கப்படுகின்றன. அது படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண் வேறுபாடுகளைக் கழித்துவிடுகிறது. வானத்துக்கும் சுவருக்கும் இதனால் பாதகமில்லை. எழுத்தின் ஓரங்களில்தான் சேதம். ஒருமுறை சுருக்கியதை மறுபடி திறந்து, மறுபடி சேமித்து, நாலு கை மாறினால், பழைய சைக்ளோஸ்டைல் நோட்டீஸ் போலாகிவிடும். ஆகவே முதற்படத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே பிரதி எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. பில்லைத் தரையில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலிருந்து எடுங்கள். முதலில் வெட்டுங்கள். தாளின் நாலு ஓரம் வரை வெட்டிவிடுங்கள். பிறகே சுருக்குங்கள். நீண்ட பக்கம் 2000 புள்ளிக்குக் குறைய வேண்டாம். அப்பொழுது மேற்சொன்ன எண்ணுக்கு 13 புள்ளி கிடைக்கும், நன்றாகப் படிக்கலாம். சுருக்கும்போது நீள அகல விகிதத்தைப் பூட்டி வைக்கும் குறியை எடுத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரிலுள்ள பெயிண்ட் செயலியிலும் இந்தக் குறி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் படம் இழுபட்டுப் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'ஹெச்.டி.' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அதுவும் தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கும்.

அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பு பத்திரிகையில் படம் போட வேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும். அதற்குச் சதுர அங்குலக் கணக்கில் கூலி. ஆகவே ஆசிரியர் போட்டோவின் மேல் பென்சிலால் கோடு போட்டு, "இது மட்டும் போதும்" என்பார். இப்பொழுது கூலி இல்லை, ஆகவே கோடு போடுவாரும் இல்லை.

சுருக்குவது மறைப்பதாகாது

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "படத்தைச் சின்னதாக்கிவிட்டேன், முகம் தெரியாது" என்கிறார்கள். 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் 200 புள்ளி அகலமுள்ள முகம், படத்தை 800 ஆக்கினால் 40 புள்ளியாகும். அன்னியருக்கு அது சந்தேகமாக இருக்கலாம். பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? முகமே வேண்டாம், நிற்கும் சாயலும் கையைப் பிடித்திருக்கும் பேரப்பிள்ளையும் போதும். அந்தத் தம்பிக்கு அவருடைய உம்மா துப்பட்டிக்குள்ளேயே தெரிந்தார்கள்.

முகத்தைக் கலக்கி விடுவதும் முழுப் பாதுகாப்பல்ல. தன் முகத்தைச் சுழல் போலக் கலக்கிப் படங்களை வெளியிட்ட ஒரு குற்றவாளியை, 2007-ல் ஜெர்மன் போலீஸார் அந்தச் சுழலைத் திருப்பிச் சுழற்றி முகத்தை மீட்டெடுத்து, இண்டர்போல் மூலம் உலகுக்கு அறிவித்துப் பிடித்தார்கள். அங்கே அது நன்மைக்கு ஆயிற்று. கலக்கியது திரும்பத் தெளியும் என்ற பாடம் நமக்கு. எண்களின் மேல் கட்டம் கட்டமாகக் கலக்குவதும் அப்படியே. பத்து இலக்கங்களையும் அதே போலக் கலக்கிப் பார்த்து, எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கைபேசியில் மார்க்கர் பேனாவால் கிறுக்கி மறைப்பதும் ஆபத்து. மை அரைகுறையாக ஊடுருவித் தெரிவதாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டியதும் அடியிலுள்ளது வந்துவிடும். மறைக்க வேண்டுமானால் முழுக் கறுப்புக் கட்டம் வைத்து மறைத்து, அதைப் புதிய படமாகச் சேமியுங்கள். அதைவிட மேல், வெட்டிவிடுவது. அதைவிட மேல், எடுக்காமலே இருப்பது.

வெட்டுவதிலும் ஒரு எச்சரிக்கை. கூகுளின் பிக்ஸல் கைபேசியில் படத்தை வெட்டும் கருவியில் ஒரு குறை இருந்தது, 2023 மார்ச்சில் வெளியாயிற்று. வெட்டிய பகுதி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கோப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2018-லிருந்து அப்படி அனுப்பப்பட்ட படங்கள் பலவற்றில் மறைத்த பகுதியை மீட்க முடிந்தது. பிறகு அதைத் திருத்திவிட்டார்கள். ஆகவே வெட்டியதோடு நில்லாமல், சுருக்கி, வேறு பெயரில் புதிதாகச் சேமிப்பதே நல்லது. புதிதாக நெய்த பாயில் பழைய கோரை இராது.

விண்ணப்பத்தோடு வாங்கும் குடும்ப அட்டை, ஆதார் நகல்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றைக் குழுவில் போடுவதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். அமானத்தாகக் கொடுத்ததைச் சந்தையில் வைப்பது இது. ஆதாரில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலை அந்த ஆணையமே தருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அதையும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

இடமும் கூடவே போகிறது

காமிராவில் இருப்பிடக் குறி திறந்திருந்தால், படம் எடுத்த தேதி, நேரம், கைபேசியின் வகை இவற்றோடு, எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையும் படத்தின் கோப்புக்குள் எழுதப்பட்டுவிடும். வீட்டுக்குப் போய் உதவி கொடுத்து எடுத்த படம் என்றால், அந்த வீட்டு வாசலே முகவரியாக அதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு நீங்கிவிடும். தெளிவு குறையாமலிருக்க 'டாக்குமெண்ட்' என்று அனுப்புகிறார்களே, அப்பொழுதும் ஈமெயிலில் இணைக்கும்பொழுதும் அது நீங்காமல் போய்ச் சேரும். காமிராவின் அமைப்புகளில் இருப்பிடத்தை மூடி வைப்பது சுலபம். எடுத்து முடிந்த படமானால், அதைத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள், குறிப்பு அதில் வராது.

அனுப்பியதை நீக்கும் வசதியைப் பெரிதாக நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் நீக்க இரண்டு நாளுக்குச் சற்று அதிகமான அவகாசம் உண்டு. அதற்குள் மற்றவர் கைபேசியில் சேமித்ததையும், வேறு குழுவுக்கு அனுப்பியதையும் நம்மால் நீக்க முடியாது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும் என்பதும் அப்படியே, பார்த்தவர் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்.

சில சந்தேகங்கள்

கேள்வி: முகம் இல்லாவிட்டால் பணம் வருவதில்லை என்கிறார்களே?

பதில்: முதல் மாதம் குறையலாம், அதை மறுப்பதற்கில்லை. ஒரு மாதம் பில்லையும் இருப்பையும் படிக்கும்படி போட்டுப் பாருங்கள். கணக்குப் படித்துப் பழகியவர், முகம் பார்த்து அனுப்புகிறவரைவிட நிலையாக அனுப்புவார் என்பது நம் அனுபவம். மருத்துவச் செலவு போன்ற ஒரு தனி நபருக்கான வசூலானால், ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயரையும் எண்ணையும் கறுப்புக் கட்டத்தால் மறைத்து, அதன் கீழே "மஹல்லா இமாம் நேரில் பார்த்து உறுதி செய்தது" என்று எழுதுங்கள். இமாம் நிஜமாகவே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: கொடுப்பவரின் படத்தைப் போடலாமா?

பதில்: அவர் விரும்பினால் தடுப்பதற்கில்லை. முகஸ்துதி என்ற ரியாவுக்கு அஞ்ச வேண்டியவர் அவரே, அவருடைய நிய்யத்தை நாம் அளக்க முடியாது. ஆனால் அவர் பக்கத்தில் வாங்குபவரை நிறுத்த வேண்டாம். மூட்டைகளுக்கு முன்னால் நிற்கட்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு மதரஸாவில் பரிசு கொடுக்கும் படம்?

பதில்: பரிசு வேறு, தருமம் வேறு. பரிசு வாங்குவது பெருமை. பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு போடலாம். யதீம் பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுப்பதைப் பரிசளிப்பு என்று பெயர் மாற்றிப் போடுவது கூடாது.

கேள்வி: ஏற்கெனவே போட்ட பழைய படங்களை என்ன செய்வது?

பதில்: குழுவின் பழைய படங்களை ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பேஸ்புக்கில் போட்டவற்றைப் போட்டவரே நீக்க முடியும். வாட்ஸ்அப்பில் அவகாசம் கடந்தவற்றை, உங்களிடமுள்ள பிரதியையாவது அழித்துவிட்டு, "இன்ன தேதியில் நாம் போட்ட படம் தங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள்" என்று குழுவில் எழுதுங்கள். எந்தக் குடும்பத்தின் படம் என்று அதில் எழுத வேண்டாம். அந்தக் குடும்பத்தாரிடம் தனியே போய் மன்னிப்புக் கேளுங்கள். நாம் போனோம். அந்த அம்மா, "அதுக்கென்ன வாப்பா, உள்ளே வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். படத்தைப் பற்றி நாமும் அதற்கு மேல் பேசவில்லை. அந்த வருடத்திலிருந்து அவர்கள் தெருவுக்கு அரிசி, இஷாவுக்குப் பிறகு, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கப்படுகிறது. குழுவில் மறுநாள் மூட்டைகளின் படம் ஒன்றும், பில்லின் படம் ஒன்றும், தெருவின் பெயரும் குடும்பங்களின் எண்ணிக்கையும் மட்டும் வரும். முழுப் பட்டியல் பள்ளிவாசல் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. பணம் அனுப்பியவர் ஊருக்கு வரும்போது வந்து பார்த்துக்கொள்ளலாம்.